பொய்யை எப்படி ஆடுவது?

ஜூன் 3, செவ்வாய்

இன்று நடன வகுப்பில், 'பாரம்' என்பதை ஆடிக் காட்டுங்கள் என்றேன். ஆறு பிள்ளைகளும் மூட்டை தூக்கினார்கள். மூட்டை கூடாது, கனத்தை மட்டும் காட்டுங்கள் என்றேன்.

"மூட்டையே இல்லாம கனம் எங்கேர்ந்து வரும் டீச்சர்?" என்றாள் கேள்விக்குறி. அவளுக்கு நான் வைத்த பெயர். வாயைத் திறந்தால் கேள்விதான்.

வாலு என்று நான் கூப்பிடும் பையன் யோசிக்கவே இல்லை. ஆறு பேரில் ஒருத்தியான என் மகளின் முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அவள் முகத்தில் வந்த பாவனை பிரமாதம். அடுத்த நொடி இரண்டு பேரும் தொப்பென்று விழுந்தார்கள். கீழ்த்தளத்திலிருந்து பல் டாக்டர் ஓடி வந்தார். இந்த மாடி அறை அவருடையது.

"நீங்க மேல விழுந்தா கீழ என் கையில ஊசி ஆடுதும்மா!"

இனி வகுப்பில் குதிப்பது இல்லை.

ஜூன் 7, சனி

அக்கா போனில் பேசினாள். அவள் தையல் கடையில் இப்போது எட்டுப் பேர் வேலை செய்கிறார்களாம், அவளுக்கு ஊசியைத் தொடவே நேரமில்லையாம். நான் சும்மா இருந்திருக்கலாம். "என் வகுப்புல அம்பது பேரு அக்கா, நிக்க இடமில்ல" என்று அளந்துவிட்டேன்.

"அப்படியா! பதினஞ்சாம் தேதி உன் பிள்ளைங்க ஆடற நிகழ்ச்சிக்கு வந்துடறேன்" என்று வைத்துவிட்டாள்.

நாக்கில் சனி. ஆறு எப்படி ஐம்பதாகும்?

கணவரிடம் புலம்பினேன். "மிச்சம் நாப்பத்துநாலு பேரையும் அடையாளமா காட்டிடு. அதத்தானே சொல்லிக்குடுக்கற?" என்றார். இவருக்கு ஒருநாள் இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

நிகழ்ச்சியில் எதை ஆடலாம் என்று பிள்ளைகளையே கேட்டேன். கோபம் என்றான் வாலு. "அதான் வீட்டுல தினம் பாக்கறோமே" என்று மற்றவர்கள் தள்ளிவிட்டார்கள்.

"பொய்ய ஆட முடியுமா டீச்சர்?" என்றாள் கேள்விக்குறி.

எனக்கு ஒரே பூரிப்பு. முடியும் என்றேன். பேசுவது போல உதட்டை அசைக்கக் கூடாது. பொய் சொல்லும்போது உடம்பு என்ன செய்கிறது, அதை மட்டும் காட்ட வேண்டும். வீட்டில் கவனித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன்.

ஜூன் 12, வியாழன்

பெரியம்மா கேட்டால் மற்ற பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லும்படி மகளிடம் சொன்னேன். "எல்லாருக்கும் ஒரே நாள்லயாம்மா?" என்கிறாள்.

ஜூன் 13, வெள்ளி

மகள் கதவைச் சாத்திக்கொண்டு பழகுகிறாள், எனக்குக் காட்ட மாட்டாளாம் — என்ன அக்கறை!

ஜூன் 15, ஞாயிறு

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

வாலு முன்னால் நடந்தான், முகம் மட்டும் பின்னால் பார்த்தது. கேள்விக்குறியின் வலது கை எதையோ கொடுத்தது, இடது கை அதை மெதுவாக இழுத்துக்கொண்டது. பெற்றோர் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தங்கள் வீட்டுக் கதை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் மகள் வந்தாள். நுனிக்காலில் எழுந்தாள். கழுத்து நீண்டது, சிரிப்பு அகன்றது, இன்னும் எழுந்தாள், கணுக்கால் வெடவெடவென்று நடுங்கியது. பிறகு சட்டென்று குதிகால்கள் தரைக்கு வந்தன, தோளும் தொங்கிவிட்டது. கைதட்டல்.

பல் டாக்டருக்கு வாய் சும்மா இருக்காது. "இது யாரோட பொய் பாப்பா?"

"அம்மாவோடது. பெரியம்மாகிட்ட போன்ல பேசறப்ப இப்படித்தான் நிப்பாங்க. வெச்சதும் இறங்கிடுவாங்க."

நானா? நுனிக்காலிலா? எனக்கே தெரியாதே!

அக்கா முன்வரிசையில். எல்லாரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. ஆறு பேரையும் எண்ணியிருப்பாள். மானமே போச்சு. இனிமே எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவகிட்ட பேசறது?

இதையும் எழுதிவிடுகிறேன்: டீச்சராகப் பார்த்தால் என் மகள்தான் முதல். அந்தக் கணுக்கால் நடுக்கம் நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

ஜூன் 16, திங்கள்

அக்கா ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பஸ் ஏற்றிவிடப் போனேன். வெயிலைப் பற்றியும் சில்லறையைப் பற்றியும் பேசிக்கொண்டே நடந்தோம்.

பஸ் வந்தது. அக்கா பையைக் கீழே வைத்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்ல நுனிக்காலில் எழுந்தாள். கனத்த உடம்பு, தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"என் கடையில எட்டுப் பேரு" என்றாள்.

பிறகு இரண்டு குதிகால்களையும் தரையில் வைத்தாள்.

"நானும் மெஷினும்தான்டி."

"ஏறறீங்களா இல்லையாம்மா?" என்று கண்டக்டர் கத்தினார். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தோம்.