பென்னு என்றால் முதுகு

அன்புள்ள பாய்,

பட்டியல் போடாமல் எனக்குப் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, முதலில் அதைப் போட்டுவிடுகிறேன்.

1. இன்று வாங்கிய குக்கர் கேஸ்கட்.
2. வாணிக்கு முதல் நர்ஸ் வேலை தேடி அலைந்தது.
3. அன்று ஆஸ்பத்திரியில் நீங்கள் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம் என்பது.
4. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது.

காலையில் குக்கர் விசில் அடிக்காமல் ஓரமாக ஆவி விட்டது. கேஸ்கட் வாங்கப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். உங்கள் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அடுத்த தெருவில் வாங்கினேன். கையில் வந்ததும் என்னை அறியாமல் அதை மூக்கருகே கொண்டுபோய்விட்டேன். புது ரப்பரின் அந்தக் காட்டம். நீங்கள் ஒவ்வொரு வளையத்தையும் இழுத்துப் பார்த்து, முகர்ந்த பிறகுதான் ஆளிடம் கொடுப்பீர்கள். “நல்ல ரப்பரு வாசனையிலயே சொல்லிடும் சார்.” அது என்ன சொல்கிறது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. கடைக்காரப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

மாடியில் நாங்கள், கீழே நீங்கள். தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்ற எனக்கு, எதையும் வரிசைப்படி செய்தால்தான் நிம்மதி. வாணி நர்சிங் படித்து முடித்ததும் ஆஸ்பத்திரிகளை நெடுஞ்சாலை வரிசையில் எழுதி வைத்தேன்: ஓசூர், சூளகிரி, குருபரப்பள்ளி, கிருஷ்ணகிரி, பர்கூர். அப்பாவும் மகளுமாக ஒவ்வொன்றாகப் போனோம். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. “எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?” அவள் இல்லை என்பாள். நான் சான்றிதழ்க் கோப்பைக் கட்டிக்கொண்டு எழுந்துவிடுவேன்.

உங்களுக்குத்தான் கோபம் வந்தது. “வேலையே குடுக்காம எக்ஸ்பீரியன்ஸ் எங்க கெடைக்கும்? என் கடையில மூணு வருசம் குக்கருக்கு வைத்தியம் பாத்தாள்னு நான் எழுதித் தரேன் சார், கொண்டுபோங்க.” அழுதுகொண்டிருந்த வாணி சிரித்துவிட்டாள். அந்த வாரமும் கிடைக்காவிட்டால் போன் தயாரிக்கும் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கப் போவதாக அவள் சொல்லியிருந்தாள். வீட்டு வாசலுக்கே பஸ் வரும், சாப்பாடு போடுவார்கள், ஆனால் நர்சிங் அதோடு சரி.

ஓசூரிலேயே ஒரு ஆஸ்பத்திரியை நான் விட்டிருந்தேன். கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளிப் பக்கத்து நோயாளிகள் வருகிற இடம், கன்னடம் கேட்பார்கள் என்ற பயம். வாணி பள்ளியும் கல்லூரியும் நாமக்கல் விடுதிகளில் படித்தவள். எங்கள் தெருவிலோ எல்லாரும் என்னைப் போலத் தெற்கத்தி ஆட்கள். நீங்கள் விடவில்லை.

“கேக்கட்டுமே சார். தெரியாதுன்னா அடிச்சா தொரத்துவாங்க?” என்று கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு கிளம்பினீர்கள்.

நேர்காணலுக்குப் பிறகு, மதியம் வரை வேலை செய்து காட்டச் சொல்லி வாணியைப் புறநோயாளிகள் கூடத்தில் உட்காரவைத்தார்கள். நாம் பின்வரிசையில் இருந்தோம். இடுப்பில் கைவைத்தபடி ஒரு பெரியவர் தனியாக வந்தார்.

“பென்னு நோவம்மா. தும்பா பென்னு நோவு.”

வாணிக்கு அது ‘பெண்ணு நோவு’ என்றுதான் கேட்டது. மகளுக்குப் பிரசவ வலி என்று நினைத்துவிட்டாள். “எத்தனை மாசம் தாத்தா?”

“மூரு திங்களு.”

“மூணு மாசத்துலயே வலியா!” என்று சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பெரியவர் பின்னாலேயே “நன்ன பென்னு, நன்ன பென்னு” என்று போனார். நானும் எழுந்து நின்று வாசலில் அந்தப் பெண்ணைத் தேடினேன்.

நீங்கள்தான் கூடமே அதிரக் கத்தினீர்கள். “ஏ வாணீ! பொண்ணு இல்லம்மா, அவரு முதுகு! பென்னுன்னா முதுகு! பொண்ணுன்னா அவங்க ஹெண்ணும்பாங்க!”

பெரியவரும் திரும்பி நின்று தன் முதுகைத் தட்டிக் காட்டினார். கூடம் முழுக்கச் சிரிப்பு. மேட்ரன் வெளியே வந்து வாணியை மட்டும் உள்ளே அழைத்தார். கதவு மூடியது. நான் உங்கள் பக்கம் திரும்பினேன்.

“கெடுத்துட்டீங்களே பாய். மெதுவாகச் சொல்லியிருக்கக் கூடாதா?”

“முதுகுவலிக்காரனுக்குப் பிரசவம் பாத்துருப்பாளே சார், அது பரவால்லயா?”

வாணி வெளியே வந்து, திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்கள் என்றாள். நான் நம்பாமல் இரண்டு முறை கேட்டேன். டீக்கடையில் நீங்கள் இந்தக் கதையை மூன்று மொழியில் சொன்னீர்கள். உங்கள் சத்தத்தையும் மீறி வேலை கிடைத்தது என்றே நான் எண்ணிக்கொண்டேன். பிறகும் பல தடவை, “அன்னைக்கு நீங்க கத்தியிருக்க வேண்டாம்” என்று சொல்லியிருக்கிறேன். “ஆமா சார், எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்” என்பதோடு முடித்துக்கொள்வீர்கள்.

நான்காவதை இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்கும் இப்போது முதுகு வலிக்கிறது. வலிக்கும்போது மனத்தில் முதலில் வருகிற சொல் பென்னு. நீங்கள் இறந்துபோய் ஒரு வருடம் ஆகப்போகிறது. கன்னடத்தில் எனக்குத் தானாக வரும் சொல் அது ஒன்றுதான்.

இதுவரை எழுதி வைத்திருந்தபோது வாணி டூட்டி முடிந்து வந்தாள். பட்டியலைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

“மூணாவது தப்புப்பா. கன்னடம் சுத்தமா தெரியலன்னு என்னை அனுப்பிவிடத்தான் மேட்ரன் கூப்பிட்டாங்க. கத்தினது யாருன்னு கேட்டாங்க. எங்க மாமா, கீழ் வீடுன்னேன். ‘தெனமும் பேசுவாரா?’ன்னாங்க. நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டாரு மேடம்னேன். சிரிச்சிட்டாங்க. அப்ப மூணு மாசம் டைம் தரேன், அவருகிட்ட கத்துக்கிட்டு வா, இல்லன்னா வேற ஆள் பாத்துக்குவேன்னாங்க.”

டூட்டி முடிந்ததும் அவள் உங்கள் கடையில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களோடு பேசிக்கொண்டிருந்ததெல்லாம் அரட்டை என்று நினைத்திருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“மூணு மாசம் கெடுன்னு தெரிஞ்சா உங்கப்பா தூங்க மாட்டாரும்மா, சொல்லாதேன்னு மாமாதான் சொன்னாரு. அப்புறம் அப்படியே விட்டுப்போச்சு.”

நான் தூங்குவதற்காக நீங்கள் இத்தனை வருடம் என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறீர்கள். பட்டியலை வேறு தாளில் திருத்தி எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம், நீங்கள் சிரிப்பதற்கு அது இருக்கட்டும்.

மூன்றாவது குறிப்பு தவறு, பாய். நீங்கள் கத்தியதுதான் சரி.