புதுத் திகதி

ஓக்லாந்து, நியூசிலாந்து
10.5.1986

அன்புள்ள உமக்கு,

இம்மாதம் முப்பதாம் திகதி உம்முடைய தம்பி சோதிலிங்கம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குவான். அவன் சொல்வதை நம்ப வேண்டாம்.

நான் இறக்குமதி செய்த தேங்காய்ப்பால் டின்களில் பாதி, இங்கே விரி என்ற இடத்திலுள்ள என் ஸ்டோரில் ஊதிப்போனது. மிச்சத்துக்குப் புதுத் திகதி ஒட்டும்படி அவனிடம் சொன்னேன்.

"அத்தான், இதுவும் பழுது. ஆக்கள் சாவினம்."

"வெள்ளைக்காரன் ரெண்டு கரண்டிதான் விடுவான். நான் கூப்பிடாட்டி நீ இண்டைக்கு ஆமிக் காம்பிலை, தெரியுமே?"

ஒட்டினான்.

ஒரு வெள்ளைக்காரக் குழந்தை ஆசுப்பத்திரிக்குப் போனது. பிழைத்துவிட்டது. விசாரிக்க வந்தவர்களிடம், ஒட்டியது அவன்தான் என்றேன். அது உண்மைதானே. அவன் மறுக்கவில்லை. விசாவை ரத்துச் செய்துவிட்டார்கள். "அக்காவைக் கெதியாக் கூப்பிடுங்கோ" என்று மட்டும் என்னிடம் சொன்னான்.

விமான நிலையத்தில் தமிழ்ப் பெடியளை ஆமி மறித்துப் பிடிக்கிறதாம். நீர் அங்கே போய் நிற்க வேண்டாம்.

உமக்கும் மகளுக்குமான விசாப் படிவம் இதோடு வருகிறது. திருப்பி அனுப்பப்பட்ட தம்பி இருப்பது தெரிந்தால் தரமாட்டார்கள். அதனால் சகோதரர் என்ற இடத்தில் 'இல்லை' என்று நிரப்பியிருக்கிறேன். கீழே கையெழுத்து வைத்து உடனே அனுப்பும்.

உம்மை எதிர்பார்த்திருக்கும்
கணவன்