அஞ்சறைப் பெட்டியும் அஞ்சரை மணி நேரமும்

அன்புத் தோழி,

இன்று காலை அலுவலகத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி முகம் வெளிறி வந்து, "மேடம், காலண்டர்ல எல்லா மீட்டிங்கும் அஞ்சரை மணி நேரம் தள்ளி விழுது" என்றாள். நான் சிரித்ததும் இன்னும் பயந்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கண் கலங்கியது. அதை அவளிடம் எப்படி விளக்குவது? உன்னிடம் சொன்னால் புரியும்.

கேளம்பாக்கத்தில் மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது நம் கம்பெனி. நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், நீ திருக்கழுக்குன்றத்துக்காரி. முதல் நாள் நீ "இன்னாமே, துன்னியா?" என்று கேட்டபோது, சண்டைக்குத்தான் வருகிறாய் என்று நினைத்தேன்; சாப்பிட்டாயா என்றுதான் கேட்டிருக்கிறாய். பிறகு உன் டப்பாவிலிருந்து பாதி எலுமிச்சை சாதம் என் தட்டுக்கு வந்தது. சரியான வாயாடி நீ. ஆனால் கை சும்மா இருக்காது.

கிளவுட் என்ற சொல் அப்போதுதான் நம் பக்கம் வந்திருந்தது. "கரெண்டு போனா ஆபீசே இருட்டா கீது, இதுல மேகம் வேறயா?" என்றாய். ஒரு பெரிய கம்பெனி தன் இணைய அஞ்சல், நாட்காட்டி, முகவரிப் புத்தகம், ஆவணங்கள் எல்லாவற்றையும் வெளியார் எழுதும் செயலிகளும் பயன்படுத்தட்டும் என்று ஒரு கருவித் தொகுப்பைக் கொடுத்திருந்தது. அதை நம் செயலியோடு இணைப்பதுதான் நம் இருவர் வேலை. நான் எழுதுவேன், நீ வரிவரியாகப் பார்த்து சரி என்று அனுப்புவாய். அஞ்சலுக்கு ஒன்று, நாட்காட்டிக்கு ஒன்று, உள்ளே நுழையும் சாவிக்கு ஒன்று என்று ஐந்து பகுதிகளாக நாம் பிரித்து வைத்ததைப் பார்த்து நீதான் பெயர் வைத்தாய்: அஞ்சறைப் பெட்டி. "கடுகு தனியா, மெளகு தனியா. கலந்துச்சின்னா கொழம்பு காலி."

மாமல்லபுரம் கடற்கரையில் இருந்த ஒரு தங்கும் விடுதிக்காக அதைச் செய்தோம். விருந்தினர் படகுச் சவாரிக்குப் பதிவு செய்தால், அவர்களுடைய இணைய நாட்காட்டியிலேயே நேரம் ஏறிவிடும். பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி ஆட்கள் கூட்டமாக வந்தார்கள். காலை ஆறு மணிச் சவாரி. அவர்கள் நாட்காட்டியில் பதினொன்றரை என்று விழுந்திருந்தது. உச்சி வெயிலில், கொதிக்கிற மணலில் வந்து நின்றிருக்கிறார்கள். படகுக்காரரோ அன்றே விடுதியில் போய்ச் சத்தம் போட்டாராம்: "ஆறு மணிக்கு வந்து குந்திகினு இருந்தேன், ஒரு ஈ காக்கா இல்ல. வூட்டுக்குப் போயி படுத்தா, இப்ப வந்து படகு எங்கன்னா?"

இன்று நினைத்தால் சிரிப்பு. அன்று எனக்கு உயிரே போயிற்று. என் கணவர் வேலை பார்த்த பட்டறை மூடியிருந்த நேரம், மகன் கைக்குழந்தை, எனக்கோ வேலை நிரந்தரமாகவில்லை. மேலாளர் எல்லாரையும் கூட்டி, "யாரு எழுதினது?" என்றார். நான் எழுந்து நின்றேன். "திங்கக்கிழமையிலிருந்து வர வேணாம்மா" என்றார்.

அப்போதுதான் நீ எழுந்தாய். "சார், எழுதினது அவ. பாத்துட்டு சரின்னு உட்டது நானு. ரெண்டு பேர் கண்ணுக்கும் தப்பிச்சி கீது. அனுப்புறதுன்னா ரெண்டு பேரையும் அனுப்புங்க. இல்லன்னா ஒரு நாள் டைம் குடுங்க." மேலாளர், "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்" என்று சொல்லி வெளியே போனார்.

மறுநாள் மதியத்துக்குள் நீதான் தவறைப் பிடித்தாய். "ஆறு மணின்னு சொன்னியே, எந்த ஊரு ஆறு மணின்னு அதுகிட்ட சொன்னியாமே?" சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அந்தக் கருவி லண்டன் பக்கத்து ஆறு மணி என்று எடுத்துக்கொள்ளும். நமக்கு அது பதினொன்றரை, சரியாக அஞ்சரை மணி நேரம் தள்ளி. நாம் பெட்டிக்கு ஆங்கில எழுத்தில் 'Anjarai' என்று வைத்த பெயரில் அறையும் அரையும் ஒன்றுதானே! "நாமளே பேர் வெச்சிகினோம் பாரு, அஞ்சரைன்னு" என்று மேசையைத் தட்டிச் சிரித்தாய். ஊர்ப் பெயரையும் சேர்த்து அனுப்பினோம். சவாரி ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்தது. என் வேலையும் தப்பியது.

அந்த வேலையில்தான் என் மகன் வளர்ந்தான், படித்தான். உனக்கு ஆயிரம் முறை நன்றி சொல்லியிருப்பேன். ஒவ்வொரு முறையும் "போமே" என்று தள்ளிவிட்டாய்.

போன மாதம் உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தேன். உன் தம்பி காபி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, பேச்சுவாக்கில் சொன்னான்: "அக்கா உங்கள பத்தி சொல்லிகினே இருக்கும். அந்த படகு மேட்டரு அப்ப அதுக்கும் வேல பர்மனென்ட் ஆவல. வூட்ல அது சம்பளம் மட்டுந்தான். அன்னிக்கி வந்து, 'வேல போனாலும் போவும்டா'ன்னு சிரிச்சிகினே சொல்லிச்சி."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். நீ நின்ற நிமிர்வைப் பார்த்து, உன்னை யாரும் அசைக்க முடியாது என்றல்லவா இத்தனை வருடம் நினைத்திருந்தேன்! உன் வீட்டுச் சோற்றைப் பணயம் வைத்து என் வீட்டு உலையைக் காப்பாற்றியிருக்கிறாய், பாவி.

ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வாய் என்று தெரியும். "நீ கேட்டியாமே?" என்பாய். கேட்கவில்லைதான். இப்போது கேட்கிறேன், பக்கத்து நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும், "வீட்டில் எப்படி?" என்று.