தோள் காட்டிக் கொடுத்தது

1936 ஆகஸ்ட், செவ்வாய் இரவு

ஒரு மாதமாகத் தினமும் காலையில் சிலம்பக் கம்பைத் தனியே, மிக மெதுவாகச் சுற்றிப் பழகுகிறேன். காக்ஸ் டவுன் மைதானத்தில் என்னோடு கம்பு சுற்றும் அந்தோணி, "என்னப்பா, மாவாட்டுறியா?" என்று கேலி செய்தான். ஆனால் மெதுவாகச் சுற்றியதில்தான் ஒன்று தெரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் நான் மூச்சை அடக்குகிறேன். வலது தோள் தானாக உயர்கிறது. இத்தனை வருஷமாக அந்தோணி அதைப் பார்த்துத்தான் என் அடியைத் தடுத்திருக்கிறான்.

இன்று மாலை அவனோடு ஆடினேன். தோள் உயரவில்லை. கம்பு அவன் காதருகே போய், நான் நினைத்த இடத்தில் நின்றது. தடுக்க அவன் கையே எழவில்லை.

"எப்போ வந்துச்சுன்னே தெரியலடா" என்றான். என் தோள் காட்டிக் கொடுத்து வந்ததைச் சொன்னேன். கம்பை ஊன்றிக்கொண்டு, "என்கிட்ட என்னடா தெரியுது? சொல்லேன்" என்றான்.

"அடிக்கிறதுக்கு முன்னாடி உதட்டைக் கடிக்கிறே" என்று சொல்லிவிட்டேன்.

வரும் ஞாயிறு பந்தயத்தில் எனக்கு எதிராக நிற்கப்போவது அவன்தான். சொல்லியிருக்க வேண்டாமோ என்று சாப்பிடும்போது தோன்றியது. இல்லை, சொன்னது சரிதான். உதட்டைக் கடிக்காத அந்தோணியை ஜெயித்தால்தான் எனக்குத் திருப்தி. ஜெயிப்பேன் என்றுதான் நினைக்கிறேன். கண் சொக்குகிறது.