அப்பா விற்ற இன்ஜின்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லத்தான் ஆரம்பித்தேன். “அவரே ஒத்துக்கிட்டாரே, இப்ப எதுக்கு அதைக் கிளறுற?” என்று வைத்துவிட்டாய். கடிதம் குறுக்கே பேசினால் நிற்காது. அதனால் எழுதுகிறேன்.

அப்பாவின் பழைய கார் தயார். பெயின்டர் கடைசிப் பூச்சை முடித்து மெழுகு போட்டுத் துடைத்துவிட்டார். பழைய கார் கண்காட்சிக்காரர்கள் முன் வரிசையில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நீ எழுதச் சொன்ன பலகையும் வந்துவிட்டது. ‘தந்தை விற்ற இன்ஜினை மகன் மீட்ட கதை’ என்று சிவப்பில் கொட்டை எழுத்து. கூடத்தில் இடமில்லாததால் அப்பாவின் கட்டிலுக்கு எதிரே சுவரில் சாத்தி வைத்திருக்கிறேன்.

போன வாரம் பல்வலி பொறுக்காமல் டாக்டரிடம் போனேன். ஐந்து பழைய கார் வைத்திருப்பவர், நீ சோடாபுட்டி என்பாயே, அவரிடம்தான். என் வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, “உங்க தம்பிக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேம்மா” என்றார். ஆறு சிலிண்டர்தான் அசல் என்று நம் காரிலிருந்து நீ கழற்றிப் போட்ட நாலு சிலிண்டர் இன்ஜினை ஒர்க்‌ஷாப்பில் எடைக்குப் போட்டார்கள் அல்லவா? வாங்கியவர் அவர்தான்.

அவரிடமும் நம் மாடல் கார் இருக்கிறது, அதே வருஷம். ஆறு சிலிண்டர் இன்ஜின் செய்யும் பிரிவில் அந்த வருஷம் வேலைநிறுத்தமாம். அதனால் கம்பெனியே சில மாதங்களுக்குத் தன் வேனுடைய நாலு சிலிண்டர் இன்ஜினைப் பொருத்தி விற்றிருக்கிறது. “பெட்ரோல் மிச்சம் பிடிக்க ஊரே சின்ன இன்ஜின் மாத்திக்கிட்டு இருந்த காலம். அதனால இதையும் மாத்தினதுன்னே நெனச்சு, நிஜ அசலைக் கழட்டித் தூக்கி எறிஞ்சாங்க. என் வண்டியிலயும் எவனோ ஒரு புண்ணியவான் அதைத்தான் செஞ்சான். அன்னைலேர்ந்து தேடினேன், உங்க தம்பி கொடுத்தார்” என்றார். வாயைத் திறந்து பதில் சொல்ல வழியில்லை. அது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

நான் விழித்த விழியைப் பார்த்து அவரே கேட்டார். “சிக்ஸ் சிலிண்டரை உள்ள வைக்க, சேஸிஸ்ல புதுசா தாங்கி வெல்டு பண்ணியிருப்பாங்களே? முன்னாடியே அது இருந்த வண்டின்னா, உக்காந்த இடம் இருக்குமே?”

இன்ஜின் மாற்றிய அந்த நாள் உனக்கு நினைவிருக்கும். நீ லீவில் வந்திருந்தாய். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். “சார், இங்க சிக்ஸ் சிலிண்டர் உக்காந்த தடமே இல்லையே” என்று மெக்கானிக் சொன்னார். “அதையும் அறுத்து வித்திருப்பார், நல்லாத் தேடுங்க” என்றாய். உன் நண்பர்கள் சிரித்தார்கள். “ஷோரூம்லேர்ந்து வரும்போதே இந்த இன்ஜின்தான்டா” என்றார் அப்பா. “பொய் சொல்றதுக்கும் ஒரு வயசு இருக்குப்பா. யாருக்கு வித்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க, ஆளை நான் பாத்துக்கறேன்” என்றாய். வெல்டிங் பொறி பறக்கத் தொடங்கியதும் அவர் ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு ஒருமுறைகூட அந்த இன்ஜினைப் பற்றி வாதாடவில்லை. பிறகுதான் பக்கவாதம் வந்தது. அதனால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை.

டாக்டர் நல்ல மனிதர். கண்காட்சியில் வாய் திறக்க மாட்டாராம். “ரெண்டு வண்டியும் பக்கத்துப் பக்கத்துலதான் நிக்கும். நடுவருங்க பானட்டைத் தூக்குவாங்க, குனிவாங்க. அவ்வளவுதான்” என்றார்.

பஞ்சோடு வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். நீங்கள் சொன்னதுதான் நிஜம், அது வண்டியோடு வந்த இன்ஜின்தான் என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “எனக்காகப் பொய் சொல்லாதம்மா. நான்தான் வித்தேன். தம்பிக்கு டைபாய்டு வந்தப்ப மருந்துக்கு வித்தேன்” என்றார். அந்த மருந்துக்கு விற்றது அம்மாவின் தையல் மெஷின். அதை வாசல் வரை ஒரு பக்கம் தூக்கிப் போனவள் நான்.

இது இன்று நேற்று வந்ததல்ல; பக்கவாதத்தில் நினைவு குழம்பியதிலிருந்தே இப்படித்தான். பலகை வந்த நாளிலிருந்து காலையில் கண் விழித்ததும் அதைத்தான் உரக்கப் படிக்கிறார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம்கூட, “இன்ஜினை வித்துத் தின்னவன் நான்தான் தம்பி” என்றார். பாவம், அவர் பில்லைக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டார். நான் பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். திருப்பு, அது பையன் எழுதினது என்று அழுதார். திருப்பிவிட்டேன்.

நான் சொன்னால் நம்ப மாட்டார். டாக்டர் வந்து சொன்னாலும் நம்ப மாட்டார். நீ சொன்னதால் நம்பியவர், நீ சொன்னால்தான் விடுவார். ஒரு போன் போதும். நிஜத்தை ஒத்துக்கொண்டால் பரிசு போகும், உன் நண்பர்கள் இந்த முறை உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். கண்காட்சி முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நீ நினைக்கலாம். அவருடைய உடம்பு அதுவரை உன் வசதியைப் பார்க்குமா என்று எனக்குத் தெரியாது.

உனக்கு எழுதுகிறேன் என்றதும், தன் பங்குக்கும் சேர்த்து எழுதச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“நல்லா இருப்பா. வண்டி நல்லா ஓடட்டும். நான் செஞ்சது தப்புதான், மனசுல வெச்சுக்காதே. கண்காட்சி அன்னைக்கு என்னைப் பலகை பக்கத்துல உக்கார வைப்பேன்னு சொன்னியாமே. எந்தச் சட்டை போட்டுக்கணும்னு அக்காவுக்குச் சொல்லு.”

எந்தச் சட்டை என்று எழுது. துவைத்து வைக்கிறேன்.

உன்
அக்கா