எச்சில் கையோடு எழாதவர்

அன்பு அப்பா,

அங்கேயாவது உங்களை நிம்மதியாகச் சாப்பிட விடுகிறார்களா?

குன்னத்தில் ஆபீஸ் உதவியாளராக இருந்தபோது உங்களுக்கு வந்த மெமோ நினைவிருக்கிறதா? மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அதிகாரி உள்ளே வந்தார். பாதிச் சோற்றில் எச்சில் கையோடு எழக்கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். உட்கார்ந்தபடியே தலையை ஆட்டினீர்கள். மறுநாளே உங்கள் நடத்தை 'இன்சொலன்ட்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

நான் அப்போது பெரம்பலூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அகராதியைப் புரட்டினேன். மேலே இருப்பவரிடம் கீழே இருப்பவர் காட்டும் திமிர் என்று போட்டிருந்தது. அதிகாரி நம்மிடம் எப்படி நடந்தாலும் அந்தச் சொல்லை அவருக்கு யாரும் போடுவதில்லை.

"என்னம்மா போட்டிருக்காரு?" என்று கேட்டீர்கள்.

"சும்மா விளக்கம் கேட்டிருக்காருப்பா."

பதிலையும் நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். திமிராக நடந்துகொண்டேன், மன்னியுங்கள் என்று. உங்கள் வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கு. தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "சாப்புட்டுக்கிட்டிருந்தேன்னு எழுதிட்டீல்ல?" என்றீர்கள். எழுதிவிட்டேன் என்று கூசாமல் சொன்னேன்.

நீங்களே ஒப்புக்கொண்டதாகச் சொல்லி வேப்பந்தட்டைக்குத் தூக்கியடித்தார்கள். "உண்மையத்தான எழுதுனோம், ஏன் நம்பல?" என்று சாகும்வரை என்னிடம் கேட்டீர்கள். ஒவ்வொரு முறையும் பேச்சை மாற்றினேன்.

இப்போது நான் அரியலூரில் அதிகாரி. போன வாரம் நான் உள்ளே நுழைந்தபோது உதவியாளர் மல்லிகா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்ன எழுதிக் கொடுத்தேன் தெரியுமா? அதே சொல்தான் அப்பா.

நேற்று அவருடைய பதில் வந்தது. ஆங்கிலத்தில், திமிராக நடந்துகொண்டேன் என்று. கீழே தமிழில் கையெழுத்து.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியுங்க மேடம். சாப்புட்டுக்கிட்டிருந்தேன், எச்சக்கையோட எந்திரிக்கக் கூடாதுன்னு உக்காந்துட்டேன்னு போட்டிருக்குங்க. எம் மவதான் எழுதிக் குடுத்துச்சு."

அவர் போனபின் அந்தப் பதிலை மறுபடி படித்தேன்.

மல்லிகாவிடம் அவர் மகள் சொன்ன பொய்யை நான் உடைக்க மாட்டேன். நாளை மெமோவைத் திரும்பப் பெற்று, அவள் எழுதாமல் விட்டதைக் கோப்பில் என் கையாலேயே எழுதுவேன்: 'சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தவறில்லை.' உங்களுக்கு எழுதியிருக்க வேண்டிய வரி அது.

இப்படிக்கு,
உங்களை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிய மகள்