ஐந்தாவது டிஸ்க்

நேற்று மம்பாவ் டவுனில் மருந்து வாங்க நின்றிருந்தேன். கடைக்குள் ஏதோ ஒரு மெஷின் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. கடைக்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மருந்தை வாங்காமலே வெளியே வந்து, காரில் உட்கார்ந்து உன்னை நினைத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மந்தின் ஊருக்கு அப்பால் இருந்த அந்த எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நீயும் நானும்தான் கம்ப்யூட்டர் அறை. சுற்றியிருந்த எஸ்டேட் நோயாளிகளின் பழைய அட்டைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு எரித்துவிட்டார்கள். அதன்பின் எல்லாம் அந்த இரும்புப் பெட்டியில்தான். நான்கு டிஸ்க் வேலை செய்யும்; எந்த மூன்று மிஞ்சினாலும் பதிவுகளை மீட்டுவிடலாம். ஐந்தாவது ஸ்பேராகச் சும்மா காத்திருக்கும். நான்கில் ஒன்று செத்தால் ஐந்தாவது தானாக அதன் இடத்துக்கு வரும்படி நீதான் அமைத்தாய். ஒவ்வொரு டிஸ்க்கிலும் எத்தனை பிழை சேர்கிறது என்பது திரையில் தெரியவும், ஒன்று விழுந்தால் அலாரம் கத்தவும் நீதான் வழி செய்தாய்.

"ஸ்பேர் இருக்கிற வரைக்கும்தாண்டி நமக்குத் தூக்கம்" என்றாய் அன்று.

முதல் டிஸ்க் செத்தபோது ஸ்பேர் வந்து தாங்கிக்கொண்டது. வார்டில் யாருக்கும் தெரியவில்லை. நீ மேனேஜரிடம் போய்ப் புது ஸ்பேர் கேட்டாய். நானும் கூட நின்றேன்.

"இன்னும் ஓடுதுல்ல? ஓடட்டும்லா" என்றார் அவர்.

"சார், இப்ப ஸ்பேர் இல்ல சார். அடுத்தது விழுந்தா தாங்க ஆளில்ல."

"ஆபீசுக்கு எழுதியாச்சு. வரும்போது வரும்."

வரவில்லை. டேப்பில் நகல் எடுக்கும் மெஷினும் பழுதாகி ரிப்பேருக்குப் போயிருந்தது. நீ காலையில் வந்ததும் கைப்பையைக்கூட இறக்காமல் திரையைப் பார்ப்பாய். ஒரு டிஸ்க்கின் பிழைகள் மட்டும் ஏறிக்கொண்டே போயின. அதை நீ சத்தமாகச் சொல்வதை நிறுத்திவிட்டாய். எனக்கு அதுதான் அதிக பயம்.

அந்த மதியம் அலாரம் கத்தியது. விழுந்தது நாம் பயந்த டிஸ்க் அல்ல, நன்றாக இருந்த வேறொன்று. பயந்த டிஸ்க் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் விழுந்தால் எல்லாம் போச்சு. மேனேஜர் எட்டிப் பார்த்து, "அந்தச் சத்தத்த நிறுத்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நீ கோலாலம்பூர் கடைக்குப் போன் போட்டாய். ஒன்று இருக்கிறதாம்.

"நான் போய் எடுத்துட்டு வந்துடுறேன்."

"வானம் கறுத்துக் கிடக்கு. பஸ்ல போயேன்."

"பஸ்ஸுக்கு நின்னா கட மூடிடுவான். மோட்டார்ல போனா டக்குனு வந்துடலாம். நீ திரைய விட்டு எழுந்திரிக்காத, என்ன?"

எழுந்திருக்கவில்லை. மழை கூரையை அடித்தது. எண்கள் ஏறின. உன் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்காகக் காத்திருந்தவளுக்குப் போலீஸ் ஜீப்பின் சத்தம்தான் கேட்டது. மந்தின் மலை வளைவில் மரம் ஏற்றிய லாரி மோதிவிட்டதாம். பையை என்னிடம் கொடுத்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.

பையைத் திறந்தேன். உன் மழைக்கோட்டு உள்ளே இருந்தது, டிஸ்க்கைச் சுற்றி. நீ நனைந்துகொண்டே வந்திருக்கிறாய்.

அழவில்லை. டிஸ்க்கைக் காலி இடத்தில் செருகினேன். பச்சை விளக்கு சிமிட்டத் தொடங்கியது. மறுநாள் உன் வீட்டுக்குக் கிளம்பும்போது அது பழைய பதிவுகளையெல்லாம் தன்மேல் எழுதி முடித்திருந்தது. அந்த வாரமே நாம் பயந்த டிஸ்க்கும் விழுந்தது. நீ கொண்டுவந்தது தாங்கியது.

பிறகு ஒருநாள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு டாக்டர் ஊசி எடுத்தார். திரையைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். அந்த மருந்து அவளுக்கு ஆகாதென்று பதிவில் இருந்தது. "நல்லவேளை" என்றார். அவள் பிழைத்தது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உனக்கு அது ஈடு என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது நீலாய் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் அறையில் எனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்கிறார்கள். எல்லாப் பெட்டியிலும் இரண்டு ஸ்பேர் வைக்கச் சொல்வேன். "மேடத்துக்கு ரொம்ப பயம்லா" என்று முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எது நின்றுபோனாலும் சரி, மழை பெய்யும்போது யாரையும் எதையும் எடுத்துவர நான் அனுப்புவதில்லை.